கோட்டுக்கும் நாக்குண்டு

(நீலமலை அவலாஞ்சியில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து பறித்துக் களைத்த கைகளோடு, இந்தக் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கிறீர்கள்.

இவ்வூர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். 1820-களில் இங்கே நேர்ந்த பெருஞ்சரிவை ஒட்டி வெள்ளையர் தம் மொழியில் வைத்த பெயர், நம் மக்கள் நாவில் உருண்டு அவலாஞ்சி ஆயிற்று. இன்று நான் பேசவந்த பொருளுக்கும் அப்படியொரு வேற்றுப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கார்ட்டூன்' என்கிறோம். அது இத்தாலிய மொழியில் தடித்த தாளைக் குறித்த சொல். சுவரோவியம் தீட்டுமுன் அத்தாளில் எழுதிப் பார்க்கும் முன்வரைவுக்கு அப்பெயர் வழங்கியது. 1843-இல் இலண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கான முன்வரைவுகளைக் காட்சிக்கு வைத்தார்கள். வயிறு காய்ந்த ஏழைக்குச் சோறில்லை, சுவருக்கு ஓவியமா என்று கேட்பதுபோல், கந்தலுடுத்தோர் அக்காட்சியை வெறித்து நிற்பதாக 'பஞ்சு' இதழில் சான் லீச்சு ஒரு படம் வரைந்தார். அதற்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். எள்ளி இட்ட பெயரே நிலைத்துவிட்டது. நமக்கோ 'கருத்துப்படம்' என்னும் அழகிய சொல் இருக்கிறது. அதை ஆளக் கூசுவானேன்?

எள்ளல் நமக்குப் புதிதன்று. நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலையே முதலில் வைத்தவர் தொல்காப்பியர். சொல்லில் இருந்த அந்த எள்ளல், அரசியல் படமாகத் தமிழ் இதழில் ஏறியது 1906-இல். சென்னையில் தொடங்கிய 'இந்தியா' என்னும் கிழமையிதழில் பாரதியார் ஆங்கில ஆட்சியையும், அதனிடம் கெஞ்சி நின்ற மிதவாதிகளையும் படம் போட்டுக் காட்டினார். படத்தின் கீழே விளக்கமும் எழுதப்பட்டது. அவ்விளக்கங்களின் நடையில் வடசொல் மிகுதி என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆயினும் எழுத்தறியாதவனும் அரசியலை அறிய வேண்டும் என்று எண்ணிய நெஞ்சம் அது. 1908-இல் அடக்குமுறை வந்தது. ஆசிரியராகப் பெயர் பதிந்திருந்த சீனிவாசன் சிறைப்பட்டார். இதழ் புதுச்சேரிக்குப் பெயர்ந்து 1910 வரை நடந்தது. அப்படங்களைத் தேடித் தொகுத்து ஆ. இரா. வேங்கடாசலபதி 1994-இல் நூலாக்கினார். வீட்டில் வாங்கி வைக்கத்தக்க நூல்.

படத்தைக் கண்டு ஆள்வோர் நடுங்குவது எங்கும் உள்ளதுதான். பிரான்சு மன்னனைப் பெருவயிற்றுப் பூதமாக வரைந்த தோமியே 1832-இல் ஆறு திங்கள் சிறை பெற்றார். நியூயார்க்கில் ஊரை உண்டு கொழுத்த துவீடு என்பவன், என் ஆள்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படம் பார்க்கத் தெரியுமே என்று நாசுட்டின் படங்களைக் கண்டு அலறியதாகச் சொல்வார்கள்.

பின்னர் 'ஆனந்த விகட'னில் மாலியும் கோபுலுவும் கோட்டைக் குழைத்துத் தமிழ் முகங்களை வரைந்தார்கள். ஈழத்தில் 'சிரித்திரன்' சுந்தர் சவாரித்தம்பரைப் படைத்தார். ஈழத்துப் பேச்சு அப்படியே படமேறியது அங்கேதான்.

1987-க்கு வருகிறேன். மேடையில் இருவர், சட்டைப்பை திருடுபவன் போலிருப்பவர் சட்டமன்ற உறுப்பினர், முகமூடிக் கொள்ளைக்காரன் போலிருப்பவர் அமைச்சர். விகடன் அட்டையில் வந்த துணுக்குப்படம் இவ்வளவே. சட்டமன்றம் சினந்தது. ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு ஏப்பிரல் 4-ஆம் நாள் மூன்று திங்கள் கடுங்காவல் விதித்தது. நாடே எதிர்த்தெழ, இரண்டே நாளில் விட்டுவிட்டார்கள். அவர் வழக்காடி வென்று, இழப்பீடாக உருபா 1000 பெற்றார். தமிழரை ஆண்ட தமிழர் மன்றமே தமிழ் ஆசிரியரைச் சிறையிட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

இனி நம் தசையில் தைத்த முள். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து நம் பிள்ளைகள் குண்டடிபட்டுச் செத்தார்கள். அப்போது இலக்குமண் வரைந்த ஓர் ஆங்கிலப் படம், கல்லெடுத்த மாணவனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்று எள்ளியது. நடுவணரசின் 12-ஆம் வகுப்புப் பாடநூலில் அப்படம் இடம்பெற்றிருப்பது 2012-இல் தெரியவந்தபோது தமிழகம் கொதித்தது. நானும் கொதித்தேன். நீக்கு என்று குரலெழுப்பியோருள் நானும் ஒருவன்.

பிறகு ஓரிரவு உறக்கமில்லை. 1987-இல் படம் வரைய உரிமை கேட்டவன், இப்போது படத்தை நீக்கச் சொல்கிறேனே என்று உறுத்தியது. பிணங்களைக் காட்டாமல் எள்ளலை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்தது பிழை என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அப்படத்துக்கு விடையாக அந்த 1965-ஐ நாம் எத்தனை படங்களில் வரைந்து வைத்தோம்? வடக்கே உள்ளவன் பார்த்தவுடன் வாயடைக்கும் படம் ஒன்றேனும் உண்டா? மேடையில் முழங்கினோம், தீர்மானம் போட்டோம். தூரிகையை மட்டும் எடுக்கவில்லை. இது என் குற்றமும்தான். எனக்கு ஒரு கோடும் நேராக வராது.

இங்கே வரையத் தெரிந்த பிள்ளைகள் இருப்பீர்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் முள் எப்பக்கம் சாய்கிறது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அதை வரையுங்கள், அடியில் நல்ல தமிழில் ஒருவரி எழுதுங்கள். முதற்படம் கோணலாக வந்தாலும் எனக்கே அனுப்புங்கள். தாளும் மையும் வாங்கி வந்திருக்கிறேன், அதோ அந்தப் பெட்டியில். தேநீர் ஆறுமுன் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.