மலையில்லாக் கிரி

கொழும்பிலே காலி வீதி வழியாகக் கொள்ளுப்பிட்டியைக் கடந்து வெள்ளவத்தையை நோக்கிச் செல்வோர் இடையிலே பம்பலப்பிட்டியை அடைவர். அதன் ஒரு பகுதிக்கு மிலாகிரிய என்று பெயர். 'கிரி' என்றால் மலை என்பதை நேயர்கள் அறிவர். நீலகிரி என்று சொல்லிப் பழகிய நாவுக்கு, மிலாகிரியவிலும் ஒருகாலத்தில் ஒரு குன்று இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றும். ஆனால், கடலோரத்துச் சமநிலத்திலே குன்று ஏது?

விடையைத் தேடி இலத்தீன் மொழி வரை செல்லவேண்டும். 1656ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றுவதற்கு முன்னர், போர்த்துக்கேயர் இவ்விடத்தில் அற்புதங்களின் அன்னைக்கு ஒரு தேவாலயம் எழுப்பியிருந்தனர். அற்புதத்திற்கு அவர்கள் மொழியில் 'மிலாக்ரே' என்று பெயர். அச்சொல் இந்நாட்டு மக்களின் நாவிலே பயின்றபோது, ககரத்துக்கும் ரகரத்துக்கும் இடையில் ஓர் இகரம் புகுந்தது. வடமொழிக் 'க்ராம'த்தைத் தமிழர் கிராமம் ஆக்கியதும் இவ்வாறே. இங்ஙனம் பிறந்த 'கிரி'க்கும் மலைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இனி, ஆங்கிலத்தில் அற்புதத்தைக் குறிக்கும் 'மிரக்கிள்' என்ற சொல்லை நோக்குவோம். இலத்தீனிலே 'மிராரி' என்பது வியத்தல். 'மிராக்குலும்' என்பது வியத்தற்குரிய பொருள். தெய்வச் செயல் என்ற கருத்து அதன்மீது பின்னர் ஏறியதே. இந்த மிராக்குலுமே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துட் புகுந்து மிரக்கிள் ஆயிற்று. வியந்து பாராட்டுதலைக் குறிக்கும் 'அட்மயர்' என்ற சொல்லும், முகம் பார்க்கும் கண்ணாடியாகிய 'மிரர்' என்ற சொல்லும் இதே வேரிற் கிளைத்தவை.

மிராக்குலும் போர்த்துக்கேயத்தில் மிலாக்ரே ஆனது எங்ஙனம்? ரகரமும் லகரமும் ஒன்றன் இடத்தை மற்றொன்று பற்றிக்கொண்டன. இது தமிழர்க்குப் புதிதன்று. நாளிகேரம் நாரிகேளம் ஆனதும், தசை சதை ஆனதும் இத்தகைய மாற்றங்களே.

ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் சொற்கள் உறவாகிவிடா. நீலகிரியின் கிரியும் மிலாகிரியவின் கிரியும் ஒரேவிதமாக ஒலித்தும் அயலாரே. மிரக்கிளும் மிலாகிரியவும் உருவத்தில் வேறுபட்டும் உடன்பிறப்புக்களே. ஊர்ப்பெயருக்குப் பொருள் கூற முற்படும் மாணவர், காதுக்கு இனிய விளக்கத்தை ஏற்குமுன் வரலாற்றையும் ஒருமுறை வினவுதல் வேண்டும்.

மிலாகிரியவில் இன்று நிற்பது அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த தூய பவுல் ஆலயம். ஆட்சிகள் மாறின, ஆலயத்தின் பெயரும் மாறிற்று. ஊர் மக்கள் மட்டும் பழைய பெயரையே வழங்கி வருகின்றனர்.