எந்தக் கமரா வாங்கலாம்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



காலையிலிருந்து கழுத்தில் கமராவோடு திரிகிறேன். இதுவரை ஏழெட்டுப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்: "எந்தக் கமரா வாங்கலாம்?" என் பதில், இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். கைப்பையில் இருக்கும் போனால் இன்றைக்கே தொடங்குங்கள்.

ஏன் இன்றைக்கே என்று சொல்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு நாங்கள் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அல்பங்கள் அலுமாரிக்குள்ளேயே இருந்துவிட்டன. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. அதன்பின் அம்மாவைப் படமெடுக்க எனக்கு நிறையக் காலம் கிடைத்தது. நல்ல கமரா ஒன்று வாங்கிய பிறகு வடிவாக எடுப்போம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவர் காலமான அன்று ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோக என்னிடம் இருந்தது அவருடைய அடையாள அட்டை மட்டும்தான். அந்தச் சின்னப் படத்தைப் பெருப்பித்து மாலை போட்டோம். எப்போதும் சிரித்த முகமாய் இருந்தவர், அந்தப் படத்தில் சிரிக்கவில்லை. அந்தியேட்டி முடிந்த பிறகுதான் நான் கமரா வாங்கினேன். அப்போது எனக்கு வயது 46.

"இந்த வயதில் பழகலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஜூலியா மார்கரெட் கமரனைப் பற்றிச் சொல்வேன். 1863 இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடு இங்கிலாந்தில் படமெடுக்கத் தொடங்கியவர். கோழிக்கூட்டை ஸ்ரூடியோ ஆக்கினார், நிலக்கரி வைக்கும் இடத்தை இருட்டறை ஆக்கினார். படங்கள் தெளிவில்லை என்று அக்காலத்து நிபுணர்கள் குறை சொன்னார்கள். இன்று அவை பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 1879 இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

சரி, எப்படிப் பழகுவது? முதலில் வெளிச்சத்தைக் கவனியுங்கள். உச்சி வெயிலில் நிறுத்தினால் கண்குழியில் நிழல் விழும், எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். விறாந்தையிலோ மரநிழலிலோ, வெளிச்சமான பக்கத்தைப் பார்த்தபடி இருத்துங்கள். வீட்டுக்குள் என்றால் யன்னல் ஓரம் நல்லது. ரியூப் லைற்றை அணைத்துவிடுங்கள். இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் முகத்தின் நிறம் மாறிவிடும்.

இரண்டாவது, எங்கள் வெள்ளைச் சீருடை. வெள்ளை நிறையத் தெரிந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று கமரா நினைத்துக் குறைத்துவிடும். உடுப்பு சாம்பல் நிறமாகும், பிள்ளைகளின் முகம் இருண்டுவிடும். பள்ளிக்கூடப் படங்கள் பல இப்படித்தான் கெட்டுப்போகின்றன. போன் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்துத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் பக்கத்தில் சின்னச் சூரியன் ஒன்று தோன்றும். அதைச் சற்று மேலே தள்ளினால் முகம் தெளியும்.

மூன்றாவது, கிட்டப் போங்கள். திரையில் விரல்களை விரித்துப் பெருப்பித்தால் படம் உடைந்து போகும், இரண்டடி முன்னே நடப்பதே மேல். சின்னப் பிள்ளைகளை எடுக்கும்போது முழங்காலில் இருந்து அவர்கள் கண் மட்டத்துக்கு வாருங்கள். எடுக்க முன் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். குசினியில் தொட்ட போன்தானே, விரல் எண்ணெய் பட்டிருந்தால் படம் புகை படிந்ததுபோல வரும்.

இப்படி மூன்று மாதம் எடுத்தால், போனால் முடியாதது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கமரா வாங்குவதை அப்போது யோசிக்கலாம். மண்டபத்தில் பேத்தியின் நடனத்தை எடுக்க வேண்டுமா? அசைவு உறைந்து தெரிய ஒரு செக்கனில் 250 இல் ஒரு பங்கு அளவுக்காவது வேகம் வேண்டும். மண்டபத்தின் குறைந்த வெளிச்சத்தில் அதற்கு அகலமாகத் திறக்கும் லென்ஸ் தேவை. 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 என்று கேளுங்கள். மற்ற லென்ஸ்களோடு பார்க்க விலை குறைந்தது, முகங்களுக்கும் நன்றாக இருக்கும். எஃப் இலக்கம் சிறிதானால் திறப்பு பெரிது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குருவிகளை எடுக்க ஆசையென்றால் 300 மில்லிமீற்றர் அளவில் நீண்ட லென்ஸ் வேண்டும்.

காசு மட்டாக இருந்தால், ஒருவர் பாவித்த கமராவை வாங்கி, மிச்சக் காசை லென்ஸில் போடுங்கள். மெகாபிக்சல் கணக்கில் மயங்க வேண்டாம். 12 மெகாபிக்சல் படத்தை 13 அங்குலத்துக்கு 10 அங்குலம் அளவில் தெளிவாக அச்சிடலாம். கடையில் கையில் தூக்கிப் பாருங்கள். பாரமென்றால் அது அலுமாரியில்தான் இருக்கும். எங்கள் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். மேலதிகமாக ஒரு பற்றரியும் ஒரு மெமரி கார்டும் இருக்கட்டும்.

இனி ஒரு முக்கியமான விசயம். இந்த மலருக்காகப் பழைய படங்களைச் சேர்த்தபோது, நிற்பவர்களும் இருப்பவர்களுமாக நாற்பது பேர் கொண்ட வகுப்புப் படம் ஒன்று வந்தது. பின்புறம் வெறுமை. ஐந்து பேரைத்தான் எங்களால் அடையாளம் காண முடிந்தது. கமரன் அம்மையார் இங்கிலாந்தில் எடுத்த புலவர்களின், விஞ்ஞானிகளின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். இலங்கையில் அவர் எடுத்த எங்கள் நாட்டவர் பலரின் பெயர் தெரியாது. முகம் இருக்கிறது, ஆள் யாரென்று சொல்ல எவருமில்லை.

ஆகவே அச்சிட்ட படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால், இடமிருந்து வலமாகப் பெயர்களையும் ஆண்டையும் எழுதுங்கள். பேனை மை மறுபுறம் ஊறும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பெட்டிகளுக்குள் கிடக்கும் பழைய படங்களை யன்னல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், போனை நேர்மேலே பிடித்துப் பிரதி எடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது "டொக்கியுமென்ற்" ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்.

முன்வரிசையில் எங்கள் ரீச்சர்மார் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில், வெளிச்சம் பார்த்து, ஒரு கதிரை போட்டு வைக்கிறேன். ஒவ்வொருவராக வந்து, உங்களுக்குக் கற்பித்தவரை உங்கள் போனிலேயே எடுங்கள். எடுக்க முன் ஏதாவது பழைய குழப்படியை நினைவுபடுத்திச் சிரிக்க வையுங்கள். அம்மாவுக்கு நான் செய்யத் தவறியது அது.