கமெரா வாங்கினால் போதுமா?

(தோட்டச் சமூக நிலையத்தில் பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் ஆற்றிய உரை)



கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு வேலையும் காத்திருக்கும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "ஐயா, சங்கிலிய அடகு வச்சு மகனுக்கு கமெரா வாங்கிக் குடுத்தோம். நாலு கல்யாணம் எடுத்தான். இப்ப யாரும் கூப்புடுறது இல்ல. இன்னொரு லென்ஸ் இருந்தா வேல வரும்ங்கிறான். மிச்சமிருக்கிற தோடையும் வைக்கவா?" என்று கேட்டார்.

எங்களுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பையன் எடுத்த படங்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். படங்கள் மோசமில்லை. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அவனுக்குக் குறைவாக இருந்தது லென்ஸ் இல்லை. அவன் படத்தைப் பார்த்து, "இது சரி, இது பிழை, ஏன் பிழை" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அதுதான் குறை.

பெரிய ஊர்களில் இதற்கென்றே பயிற்சிப் பட்டறைகளும் கண்காட்சிகளும் நடக்கின்றன. மூத்த கலைஞர்கள் மேசையில் படங்களைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து ஆலோசனை சொல்லும் அமர்வுகளும் உண்டு. தச்சனும் மேசனும் பாசிடம் நின்று தொழில் பழகுவது போல, படம் எடுப்பவனும் பழகித்தான் ஆக வேண்டும். லயத்துப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு எப்படிக் கிடைக்கும் என்று யோசித்தோம்.

போன ஆனி மாதம் நம் தோட்டத்திலிருந்து நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு ஒரு வேன் போனது. கமெராவும் கைத்தொலைபேசியும் வைத்திருந்த ஆறு பேரை அதிலே ஏற்றினோம். நான்கு தம்பிமார், இரண்டு தங்கைமார். யாழ்ப்பாணத்தில் பல வருடம் ஸ்டூடியோ நடத்திய பெரியவர் ஒருவர் கூட வந்தார். காசு கேட்கவில்லை. "சாப்பாடு தந்தால் போதும்" என்றார்.

பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குப் போனோம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்துதான் படகு. ஏறுவதற்கு முன்பே முதல் பாடம் தொடங்கிவிட்டது. "கடல் காற்றிலே உப்பு இருக்கு. படகிலே லென்ஸைக் கழற்றிப் பூட்டாதே. இரவில் கமெராவை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடை" என்றார் பெரியவர். நம் மலையில் உப்பு இல்லை, ஈரம் இருக்கிறது. ஈரத்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அலுமாரியில் துணிக்குள் சுற்றி வைக்காதீர்கள்.

கோயிலுக்குள் கமெராவைத் திறக்கவில்லை. வெளி வீதியிலும் படகுத்துறையிலும் மட்டுமே, அதுவும் கேட்டுக்கொண்டு எடுத்தார்கள்.

மறுநாள் நெடுந்தீவு. படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் உண்டு, ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை உண்டு, மட்டக்குதிரைகள் வெளியில் திரியும். வெள்ளைக் கல் வேலி முன்னால் ஆளை நிறுத்தி எடுத்தபோது எல்லார் படத்திலும் முகம் கறுத்துப் போனது. காரணம் இதுதான். சுற்றிலும் வெளிச்சம் கூடினால், கமெரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அப்போது நாம் ஒரு படி கூட்டி வைக்க வேண்டும். நம் தேயிலை மலையில் காலைப் பனிமூட்டத்தில் எடுத்த படம் சாம்பல் பூத்தது போல வருவதும் இதே காரணத்தால்தான். நெடுந்தீவு வெயிலில் படித்த பாடம் மலைப் பனிக்கும் பொருந்துகிறது பாருங்கள்.

இரவில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஆளுக்கு முந்நூறு, நானூறு படம். "பத்துப் படம் மட்டும் வை, மிச்சத்தை ஒதுக்கு" என்றார் பெரியவர். ஒதுக்குவது எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒருவருக்கொருவர் சண்டை பிடித்து, சிரித்து, நடுச்சாமம் வரை இருந்தார்கள். லென்ஸ் கேட்ட தம்பி அன்றைக்குச் சொன்னான்: "ஐயா, நான் கிட்டப் போகவே இல்ல. தூரத்துல நின்னு லென்ஸ் இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

ஆனால் பெரிய பாடம் மூன்றாம் நாள், ஊர்காவற்றுறையில்தான் கிடைத்தது. கடலுக்கு நடுவில் நிற்கும் கோட்டையைப் பார்க்கப் போன வழியில், வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவை நம் தம்பி ஒருவன் கேட்காமலே படம் எடுத்துவிட்டான். அவர் கோபப்படவில்லை. கேள்வி ஒன்று கேட்டார்:

"என்ன தம்பி, கேக்காமல் எடுக்கிறியள்? இந்தப் படம் எங்கை போகப்போகுது?"

தம்பி தலை குனிந்து நின்றான். பிறகு அந்த அம்மாவே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தார். 1990இல் சண்டையால் தீவை விட்டு இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த படம் எல்லாம் போய்விட்டதாம். கல்யாணப் படம் ஒன்றுகூட மிச்சமில்லை. "பிள்ளையளுக்கு நான் இளசிலை எப்பிடி இருந்தன் எண்டு காட்ட ஒண்டும் இல்லை" என்றார். அப்புறம் அவரே சேலையைச் சரி செய்துகொண்டு, "இப்ப எடு" என்றார். அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பி வைத்தோம்.

தாய்மார்களே, அந்த அம்மாவின் கேள்வி நமக்குப் புதிதா? மலையில் நிற்கும்போது வேன் வந்து நிற்கும். வெள்ளைக்காரரோ கொழும்புக்காரரோ இறங்கிப் படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அந்தப் படம் எங்கே போனது என்று நமக்குத் தெரியாது.

இது இன்று நேற்றுத் தொடங்கியது இல்லை. ஜூலியா மார்கரெட் கேமரன் என்று உலகப் புகழ் பெற்ற ஆங்கிலேயப் பெண் புகைப்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்தார். குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிருந்த தமிழ்த் தொழிலாளிகளையும் படம் எடுத்தார். 1879இல் டிக்கோயாப் பக்கத்தில் காலமானார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில்தான் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் எடுத்த படங்கள் வெளிநாட்டு நூதனசாலைகளில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அதில் நிற்கும் நம்மவர் பலருடைய பெயர் இல்லை. ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த அம்மையார் கமெராவை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது வயது 48. ஆகவே "வயது போய்விட்டது" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறிய சொந்தக்காரர்களை நினைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அவர்களின் நினைவாக இருப்பது பாஸ்போட்டுக்கு எடுத்த சின்னப் படம் ஒன்றுதான். அதைச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். ஒரு படத்தின் பெறுமதி நமக்குத் தெரியாதா? அப்படியானால் படம் எடுக்கும் பிள்ளையின் தொழிலையும் விளையாட்டு என்று நினைக்கக் கூடாது.

உழைக்கும் வீட்டுப் பிள்ளை இதில் முன்னேற முடியுமா என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த பழனிகுமாரைப் பாருங்கள். தாயார் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். மகன் கடன் வாங்கித்தான் கமெரா வாங்கினார். தூரம் போகவில்லை. தாயையும், தாயைப் போல உழைக்கிறவர்களையும் எடுத்தார். துப்புரவுத் தொழிலாளர் பற்றி 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய 'பாரி' என்ற கிராமிய இந்திய ஆவணக் களஞ்சியத்தில் புகைப்படக் கலைஞராக இருக்கிறார். தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022இல் முதன்முதலாகப் பெற்றவர் அவரே. இப்போது மீனவப் பிள்ளைகளுக்கும் படம் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறார். கற்றதைத் திரும்பக் கொடுக்கிறார் பாருங்கள், அது பெரிய விஷயம்.

சரி, நம் பிள்ளைகளுக்கு என்னென்ன வழி இருக்கிறது?

முதலாவது, சான்றிதழ். தொழிற்பயிற்சி அதிகார சபையிடமும், தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிடமும் போய்ப் புகைப்படப் பயிற்சி எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். ஏற்கனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் உண்டு. கடிதம் எழுதவும் படிவம் நிரப்பவும் நாங்கள் உதவுவோம்.

இரண்டாவது, சங்கங்களும் கண்காட்சிகளும். கொழும்பில் தேசிய புகைப்படக் கலைச் சங்கம் இருக்கிறது. அயலில் சென்னைப் புகைப்பட இருவருட விழா 2016இல் தொடங்கியது. டாக்காவில் 'சோபி மேளா' 2000இல் தொடங்கியது. போக முடியாவிட்டாலும், அங்கே காட்டப்படும் படங்களைத் தேடிப் பார்ப்பதும் படிப்புத்தான்.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். மணப்பெண்ணை அலங்கரிக்கும் அறைக்குள் ஆண் பிள்ளையை விடப் பல வீடுகளில் தயங்குகிறார்கள். அங்கே ஒரு தங்கச்சி நின்றால் எல்லோருக்கும் நிம்மதி. தாய்மார் இதை யோசிக்க வேண்டும்.

காசு கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். யார் படிப்பிக்கிறார், அவர் எடுத்த படத்தைப் பார்க்கலாமா? எந்த மொழியில் நடக்கும்? நம் படத்தைப் பார்த்து ஆலோசனை சொல்வார்களா, இல்லை பேச்சு மட்டுமா? போட்டியாக இருந்தால், அனுப்பும் படத்தின் உரிமை யாருக்கு? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் பாதுகாக்கிறது. விதியை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அழக்கூடாது.

அந்தத் தாய்க்கு நாங்கள் கடைசியில் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, தோட்டை வைக்க வேண்டாம். லென்ஸுக்கு இப்போது அவசரமில்லை. பஸ் காசு மட்டும் கொடுங்கள், பிள்ளை நாலு பேரைப் பார்த்துப் பழகட்டும்." அந்தப் பையனுக்கு அதன் பிறகு இரண்டு கல்யாணமும் ஒரு பெயர் வைக்கும் விசேஷமும் கிடைத்திருக்கின்றன. சங்கிலி இன்னும் மீளவில்லை. ஆனால் வட்டி தவறாமல் கட்டுகிறான்.

இனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இதே மண்டபத்தில் கூடுவோம். ஆளுக்குப் பத்துப் படம், அதற்கு மேல் வேண்டாம். கைத்தொலைபேசியில் எடுத்ததும் பரவாயில்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. படத்தில் ஆள் இருந்தால் அவருடைய பெயரையும், அவரிடம் கேட்டு எடுத்தீர்களா என்பதையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஊர்காவற்றுறை அம்மா கேட்ட கேள்விக்கு நம் பிள்ளைகளிடம் எப்போதும் பதில் இருக்கட்டும்.