ஆத்தாளா? கொழுப்பா?

(விருதுநகர்ச் சொற்பொழிவு)

சிவகாசிப் பக்கம் பேச வந்தால் பட்டாசுத் தீயைப்பற்றித்தான் பேசுவது வழக்கம். இன்று தீயில்லாத ஒரு ஆபத்தைப்பற்றிச் சொல்லுகிறோம்.

வழுக்கி விழுகிற பாட்டிக்கும், ஆலைக்குப் போகும் வழியில் லாரியில் மோதுகிற வாலிபனுக்கும் இடுப்பும் தொடையும் முறிகின்றன. ஆபரேஷன் செய்து கம்பியோ செயற்கை மூட்டோ வைக்கிறார்கள். 2022 முதல் விருதுநகரிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நல்ல காரியம்.

ஆனால் இரண்டாம் நாள் பாட்டி உளறுகிறார். பெற்ற மகனைத் தெரியவில்லை. மூச்சு வாங்குகிறது. மார்பிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள். உடனே நம்மவர் என்ன சொல்லுவார்கள்? "ஆத்தா வந்துவிட்டாள், ஊசி போடாதே" என்பார் ஒருவர். "பக்கத்துக் கட்டிலில் செத்தவன் பிடித்துக்கொண்டான்" என்பார் மற்றொருவர். பெரியம்மை இந்தியாவைவிட்டு 1975-லேயே ஒழிந்துபோயிற்றே! வேலை போன ஆத்தாளுக்கு எலும்பு வார்டில் என்ன வேலை என்று கேட்கிறோம்.

சங்கதி இதுதான். தொடை எலும்பின் குழாய்க்குள் இருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு. எலும்பு முறிந்தாலும், குழாயைக் குடைந்து தண்டு இறக்கினாலும், முறுக்கு உழக்கில் மாவை அமுக்கினாற்போல் கொழுப்புப் பிதுங்கி இரத்தத்தில் ஏறுகிறது. நுரையீரல் வடிகட்டிபோல் அதைத் தடுப்பதால் அநேகருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சிலருக்கு நுண்துளிகள் அதையும் தாண்டி மூளையின் சிறு குழாய்களை அடைக்கின்றன. அதுதான் அந்த "ஆவி".

இன்னொரு வழியும் உண்டு. கர்ப்பத்திலிருக்கும் சிசுவுக்கு இருதயத்தின் மேலறைகளுக்கு நடுவில் ஒரு துவாரம் இருக்கும். பிறந்தபின் மூடவேண்டிய அது, நாலு பேரில் சுமார் ஒருவருக்கு முழுதும் மூடுவதில்லை. (சர்வவல்லவனின் படைப்பாம்! நாலு தொட்டியில் ஒன்று ஒழுகினால் கொத்தனாருக்குக் கூலி கொடுப்போமா?) அதன் வழியாகக் கொழுப்பு நுரையீரலுக்கே போகாமல் மூளைக்குப் போகக்கூடும்.

இதை மனிதன் கண்டது 1862-ல். நசுங்கி இறந்த ஒரு ரயில்வே தொழிலாளியின் சவத்தை அறுத்துப் பார்த்த ஜெர்மானிய வைத்தியர் ஸெங்கர், நுரையீரலில் கொழுப்பைக் கண்டார். உயிரோடிருந்த நோயாளியிடம் இதை அடையாளம் கண்டவர் பெர்க்மன்; அது 1873-ல்.

கொழுப்பைக் கரைக்கும் தனி மருந்து இன்றும் கிடையாது. அதை மறைக்கவேண்டியதில்லை. பிராணவாயு கொடுத்து, இரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. சிலர் இறந்துபோகிறார்கள், நினைவிழந்தவர்களிலும் பலர் தெளிந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் குழாயைக் கழற்றிக் கோடாங்கியிடம் தூக்கிப்போனால் என்ன ஆகும்? சர்க்கரை குறைந்தாலும், கிருமி சேர்ந்தாலும்கூட உளறல் வரலாம். எது என்று பார்ப்பது வைத்தியர் வேலை. மூச்சு மாறியதையும், பேச்சு மாறியதையும், புள்ளி வந்ததையும் அந்த நிமிஷமே அவரிடம் சொல்லுவது உங்கள் வேலை.

மற்றொன்று. முறிந்த தொடை எலும்பை அசையாமல் கட்டிச் சீக்கிரம் பொருத்திவிட்டால் இந்த ஆபத்துக் குறைகிறது. ஆகவே வைத்தியர் நாளைக் காலை என்றால், "நாளை அஷ்டமி, வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம்" என்று பஞ்சாங்கத்தை விரிக்காதீர்கள்.