அக்கரைக்குப் போனவர்களின் பிள்ளைகள்

தமிழகக் கரையிலிருந்து இலங்கையின் மேற்குக் கரைக்குக் குடிபோனவர்களின் வாரிசுகள் இன்று ஒரே மக்களாக இல்லை. கொழும்பில் வாழும் ஒரு பகுதியினரில் பலர் வீட்டில் ஆங்கிலமோ சிங்களமோ பேசுகிறார்கள். இருந்தும் குடிசன மதிப்பீட்டில் ‘பரதர்’ என்று தனி இனமாகப் பதிகிறார்கள். நீர்கொழும்புக் கரையின் மீனவர்களில் பலர் தமக்குள் தமிழ் பேசுகிறார்கள்; பதிவதோ சிங்களவர் என்று. சிலாபத்துக்கு வடக்கே உடப்பில் பேச்சும் தமிழ், பதிவும் தமிழர். மொழி இருந்தால் அடையாளம் இருக்கும், அது போனால் இதுவும் போகும் என்று தமிழ்ச் சங்க மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு இம்மூன்றில் ஓரிடத்தில்தான் சரியாக வருகிறது.

இவர்களில் முதல் பிரிவினரின் வேர் தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு, வேம்பாறு ஆகிய முத்துக்குளித்துறை ஊர்களில் இருக்கிறது. முத்துக்குளிப்பு உரிமைக்காக எழுந்த சண்டையில் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடிய பரதவர்கள் 1536–37இல் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தபோது ஊர் ஊராகக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். செபம் சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு. சேவியர் செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் தமிழைக் கசடறக் கற்றார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. சமயம் மாறியது, பெயர் பர்னாந்து, மச்சாது, மோத்தா, ரொட்ரிகோ, பெரைரா என்று மாறியது, மொழி மாறவில்லை. மாறாததற்குக் காரணம் மொழிப்பற்று என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பாதிரியார்கள் தமிழுக்கு வந்தார்கள், மக்கள் போர்ச்சுக்கீசியத்துக்குப் போக வேண்டிய தேவையே எழவில்லை என்பதுதான் நடந்தது. மன்றாட்டும் கூட்டமும் தமிழில் நடந்தன. சாதித்தலைவர் பதவி அப்படியே தொடர்ந்தது. அந்தப் பதவியைச் சுற்றியே ஊர் ஒழுங்கும் தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் மரியாதைகளும் அமைந்தன. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு இந்த மக்களை இழுக்க முயன்று தோற்றார்கள். ஆட்சி மாறியும் கத்தோலிக்கம் நிலைத்தது. 1806இல் மாதாவுக்குத் தங்கத்தேரும் ஓடியது.

இலங்கைக்குப் போனது பல அலைகளாக நடந்தது. மன்னார்ப் பக்கம் சிலாபத்துறையில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்படும்போதெல்லாம் தூத்துக்குடிக் கரையின் குளியாட்கள் தோணியேறிப் போய்த் திரும்பினார்கள். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் காலத்திலேயே சிலர் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் தங்கிவிட்டார்கள். பெரிய வணிகம் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தபின் அரிசியும் துணியும் இந்தத் துறைமுகம் வழியாகக் கொழும்பு போயின; தோட்டத் தொழிலாளரில் பலரும் இப்படியே போனார்கள். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்தத் தடத்துக்காகத்தான். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்தபோது பயணிகள் அந்தப் பக்கம் திரும்பினாலும், தோணிச் சரக்கு தூத்துக்குடியை விடவில்லை.

கொழும்பில் கடை வைத்த பரதவக் குடும்பம் அங்கே குடியிருந்தது என்பதைவிட இரண்டு கரையிலும் குடியிருந்தது என்பதே பொருத்தம். கடை கொழும்புக் கோட்டையிலோ புறக்கோட்டையிலோ இருக்கும். பெண் எடுப்பதும் கொடுப்பதும் தூத்துக்குடியில். ஆகஸ்டு 5 மாதா திருவிழாவுக்கு வருவது வழக்கம். மொழியைக் காத்தது பள்ளிக்கூடம் அல்ல, இந்தச் சம்பந்தம். ஊரிலிருந்து மருமகள் வந்துகொண்டே இருக்கும் வீட்டில் பிள்ளை தமிழ் பேசாமல் வளர வழியில்லை. அரசியலிலும் இதே இருகரை நிலை. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிவு 1911 குடிசன மதிப்பீட்டில் முதன்முதலாக வந்தது. 1924 சட்டசபையில் இந்தியருக்கு ஒதுக்கிய இரண்டு இடங்களில் ஒன்றைப் பெற்றவர் கொழும்பு வணிகரும் பரதருமான ஐ. எக்ஸ். பெரைரா. அன்று ‘இந்தியர்’ என்ற சொல் ஒரு பரதருக்கு இடம் வாங்கித் தந்தது.

கால் நூற்றாண்டுக்குள் அதே சொல் சுமையானது. 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினர் எல்லோரையும் தங்கள் பூர்வத்தை நிரூபிக்கச் சொன்னது. கடவுச்சீட்டும் விசாவும் வந்தபின் இரண்டு கரைக் குடும்பம் ஒரு கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பலர் தூத்துக்குடிக்கே திரும்பினார்கள். தங்கியவர்களின் பிள்ளைகளுக்கு 1956இன் தனிச்சிங்களச் சட்டம் அடுத்த கேள்வியைப் போட்டது. ஆங்கில வகுப்புகள் படிப்படியாக மூடப்பட்டுச் சிங்களம் அல்லது தமிழ் என்ற இரண்டே பிரிவுகள் எஞ்சின. கொழும்பில் வேலை பார்க்க வேண்டிய பிள்ளையைப் பெற்றோர் எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அக்கரைச் சம்பந்தமும் குறைந்த நிலையில் வீட்டுத் தமிழ் இரண்டு தலைமுறையில் தேய்ந்தது. 1983 கலவரத்துக்குப் பின் தமிழர் என்று அறியப்படுவதே உயிருக்கு ஆபத்து என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது.

வியப்பு இதற்குப் பிறகுதான். மொழி தேய்ந்த இந்தச் சிறு கூட்டம் சிங்களவராகக் கரைந்துபோகவில்லை. 2001 குடிசன மதிப்பீட்டில் கொழும்புச் செட்டிகள் என்ற சமூகத்தைப் போலவே பரதரும் தனி இனமாக இடம்பெற்றார்கள். தமிழர் என்ற கட்டத்திலிருந்து வெளியே வந்தார்கள். சிங்களவர் என்ற கட்டத்துக்குள் போகவில்லை. இதை விலகல் என்று குறைசொல்பவர்கள் உண்டு. தாத்தாவுக்குத் தெரிந்த சாதிப்பெயரைப் பேரன் அரசாங்கத்தின் இனப்பெயராக மாற்றிக்கொண்டது சாமர்த்தியமான தற்காப்பு என்பதே சரியாகப் படுகிறது.

மொழி போய்ப் பெயர் நிலைக்கும் இதே வடிவம் அமெரிக்காவின் பிலிப்பினோக் குடும்பங்களிலும் காணப்படுகிறது. போர்ட்டெஸ், ரும்பாட் என்ற சமூகவியலாளர்கள் 1992இல் சான் டியேகோவிலும் தென் ஃபுளோரிடாவிலும் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் 5,262 பேரிடம் நீண்டகால ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். சான் டியேகோவில் பெரிய கூட்டங்களில் ஒன்று பிலிப்பினோப் பிள்ளைகள். அது அமெரிக்கக் கடற்படைத் துறைமுகம், பிலிப்பைன்சிலிருந்து நேரே கடற்படையில் ஆள் எடுக்கும் வழக்கம் 1990களின் தொடக்கம் வரை இருந்தது. பெற்றோர் அமெரிக்க ஆட்சி விட்டுப்போன ஆங்கிலப் படிப்போடு வந்தவர்கள் என்பதால் பிள்ளைகளிடம் தகாலோக் மொழி மிக விரைவாகப் போயிற்று. ஆனால் சில ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்டபோது, தங்களைப் ‘பிலிப்பினோ’ என்றே சொல்லிக்கொண்ட பிள்ளைகள் முன்பைவிட அதிகம். குடியேறிகளுக்கு எதிராகக் கலிபோர்னியாவில் 1994இல் நடந்த வாக்கெடுப்பின் கொந்தளிப்பும் இதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தள்ளிவைக்கிற சூழல், மறந்த மொழியைத் திருப்பித் தராவிட்டாலும், பெயரை உறுதியாக்கிவிடுகிறது.

பிலிப்பினோக்களுக்கும் தூத்துக்குடிக்கும் இன்னொரு ஒற்றுமை குடும்பப்பெயர். அவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்பானியப் பெயர் ஒட்டியது 1849இல் ஆளுநர் கிளாவெரியா போட்ட உத்தரவால். பரதவருக்குப் போர்ச்சுக்கீசியப் பெயர் வந்தது ஞானஸ்நானத்தால். பனிமய மாதா சுரூபமே 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று ஊர் மரபு சொல்லும். ஸ்பானியர் மணிலாவில் நகரம் அமைத்தது 1571இல் என்பதால் ஆண்டு இடிக்கிறது. ஊர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

நீர்கொழும்பின் கதை கொழும்புப் பரதரின் கதைக்கு நேர் எதிரானது. அங்குள்ள கரையோர மக்களின் முன்னோர் காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து கோட்டை இராச்சியத்தின் அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவுக்காகப் போரிட வந்தவர்கள் என்று ‘முக்கர ஹட்டன’ என்ற சிங்கள ஏடு சொல்கிறது. வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்ற குலப்பெயர்களுக்குப் பின்னே பர்னாந்து என்று எழுதும் குடும்பங்கள் அங்கே ஏராளம். கடலில் இவர்கள் பேசும் தமிழை மொழியியலாளர்கள் நீர்கொழும்பு மீனவர் தமிழ் என்று தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் நான், நீ, அவன் எதற்கும் வினைமுற்று விகுதி மாறுவதில்லை. பேச்சுச் சிங்களத்தின் இலக்கணம் தமிழுக்குள் இறங்கியிருக்கிறது.

இவர்களை மாற்றியது கோயிலும் பள்ளியும். டச்சுக்காரர் காலத்தில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கருக்காக 1687இல் தூத்துக்குடியிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் போன கோவாக்காரர் யோசேப் வாஸ் அடிகளாரும், பின்வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் தமிழ், சிங்களம் இரண்டிலும் உழைத்தார்கள். கொன்சால்வெஸ் இரு மொழியிலும் நூல்கள் எழுதினார். அந்தக் காலத்தில் எந்த மொழி என்ற கேள்வி கூர்மையாக எழவில்லை. 20ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1940 முதல் 1972 வரை சிலாபம் ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் காலத்தில் அந்தக் கரையின் கத்தோலிக்கப் பள்ளிகள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பூசையை இலத்தீனிலிருந்து மக்கள் மொழிக்கு மாற்ற அனுமதித்தது. அதுவரை யாருக்கும் சொந்தமில்லாத இலத்தீன் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. இப்போது பங்கு ஒவ்வொன்றும் சிங்களம், தமிழ் என்று பக்கம் சாய வேண்டியிருந்தது. பள்ளி ஏற்கெனவே சாய்ந்திருந்த பக்கம் பெரும்பாலும் கோயிலும் சாய்ந்தது. மீன் வாங்க வரும் வியாபாரியின் மொழியும், கூடை சுமந்து பெண்கள் விற்கப் போகும் உள்நாட்டு ஊர்களின் மொழியும் சிங்களம். தமிழ் மிஞ்சியது படகிலும், தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது வடகிழக்குக் கரைக்குப் போய் வாடி என்னும் தற்காலிகக் குடிசை போட்டுத் தங்கும் மாதங்களிலும்தான். அங்கே கரையெல்லாம் தமிழ் என்பதால் அதற்குப் பயன் இருந்தது. பயன் இருந்த இடத்தில் மொழி நிலைத்தது; அடையாளத்தை அந்த மொழியோடு சேர்த்து வைக்க யாரும் முனையவில்லை.

உடப்பு இந்த ஊர்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இராமேஸ்வரக் கரையிலிருந்து வந்தவர்களாகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் இந்த மீனவர்கள் இந்துக்களாகவே இருந்தார்கள். திரௌபதை அம்மன் கோயிலும் பதினெட்டு நாள் திருவிழாவும் அதன் தீமிதிப்பும் ஊரின் நிர்வாகத்தையே தாங்குகின்றன: வரி யார் கட்டுவது, சடங்கில் யாருக்கு எந்த உரிமை, வழக்கை யார் தீர்ப்பது எல்லாம் அதனோடு பின்னியவை. ஆயரின் ஆணை எட்டாத ஊர் என்பதால் பள்ளி தமிழிலேயே தொடர்ந்தது. திருமணமும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே. இதைப் பண்பாட்டு வெற்றி என்று கொண்டாடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சுற்றுச் சந்தையெல்லாம் சிங்களம் பேசும் வட்டாரத்தில், தமிழில் மட்டும் படித்த பிள்ளைக்கு அரசு வேலையும் நகர வேலையும் கடினம். அந்தப் பிள்ளைகளுக்கும் இரண்டாம் மொழியாகச் சிங்களம் தேவைப்படுகிறது. அதை அவர்கள் கற்பது பெரும்பாலும் சந்தையிலும் பஸ்ஸிலும் வேலையிடத்திலும்தான்.