ஆதி ஒளியை அளத்தல்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் முறையை நம்மில் பலர் அறிவோம். தராசு காட்டுவது முழுவதும் கொழுந்தன்று. கூடையின் எடையைக் கழிக்க வேண்டும். மழை நாளாயின் இலையில் ஒட்டிய நீருக்கும் கழிவு உண்டு. அக்கழிவு குறைந்தால் கணக்குப் பொய். மிகுந்தால் பறித்தவளின் உழைப்புப் பறிபோகும். வானியலாரின் மிக நுண்ணிய அளவை ஒன்றிலும் இச்சிக்கலே உண்டு.

பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளின் பின் புறப்பட்ட ஒளி, இன்று நுண்ணலைகளாக எல்லாத் திசைகளிலிருந்தும் நம்மை அடைகின்றது. பென்சியாஸ், வில்சன் என்னும் அறிஞர் இருவர் 1965இல் இதனை உலகுக்கு அறிவித்தனர். இதன் வெப்பநிலை தனிப்பூச்சியத்துக்கு மேல் 2.7 பாகையே. திசைக்குத் திசை அது ஏறக்குறைய இலட்சத்தில் ஒரு பங்கே வேறுபடும். விண்மீன் மண்டலங்கள் யாவும் அச்சிறு ஏற்றத்தாழ்வுகளாகிய வித்துகளிலிருந்து வளர்ந்தவை. அவற்றை 1992இல் கோபி என்னும் செயற்கைக்கோள் காட்டிற்று.

தரையிலிருந்து அவற்றை அளப்பதற்குப் பெருந்தடை நீராவி. அது நுண்ணலைகளை உறிஞ்சுவதோடு தானும் நுண்ணலைகளை வீசுகின்றது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியின் வானம் பயிருக்கு உகந்தது, இவ்வளவைக்கு உகந்ததன்று. ஆதலின் சிலி நாட்டு அற்றக்காமா பாலைவனத்தில் 5,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலும், உறைந்து வறண்ட தென்துருவத்திலும் தொலைநோக்கிகளை நிறுவினர். அங்கும் எஞ்சும் ஈரத்தைக் கழிப்பது எங்ஙனம்? கருவியை இடமும் வலமுமாக அசைத்து, அயல் திசைகளுக்கிடையேயுள்ள வேறுபாட்டை மட்டும் பன்முறை பதிவர். காற்றின் இரைச்சல் கணந்தோறும் மாறுவதால் சராசரியில் தேய்ந்துவிடும். வானத்தின் குறி மாறாது நிற்கும்.

பின்னாளில் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரான இரவி சுப்பிரமணியன், 1990களில் அவுஸ்திரேலியாவின் நராபிரி தொலைநோக்கித் தொகுதியால் இவ்வேற்றத்தாழ்வுகளை மிகச் சிறிய கோணங்களில் தேடினார். அங்கே கழிக்க வேண்டியவை தொலைவிலுள்ள வானொலி மண்டலங்கள். அவரும் குழுவினரும் அவற்றை அளந்து கழித்தனர். எஞ்சியதில் குறி எதுவும் தென்படவில்லை. இன்ன அளவுக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருக்க இயலாது என்னும் எல்லையை மட்டும் வெளியிட்டனர்.

மாறாக, 2014இல் தென்துருவத்தின் பைசெப் குழுவினர் ஆதி ஈர்ப்பலைகளின் சுவட்டைக் கண்டதாக அறிவித்தனர். நமது பால்வீதியின் தூசிக்கு அவர்கள் இட்ட கழிவு போதாதென்பது, பிளாங்கு செயற்கைக்கோளின் அளவைகளோடு ஒப்பிட்டபோது 2015இல் புலனாயிற்று. அவ்வொப்பீட்டில் அக்குழுவினரும் பங்குகொண்டனர் என்பது போற்றத்தக்கது.

எதைக் கழித்தோம், எவ்வளவு கழித்தோம் என்று வெளிப்படையாகக் கூறுவதே நேர்மையான நிறுவை. விண்ணை அளப்போருக்கும் கொழுந்தை நிறுப்போருக்கும் அது பொது.