ஊசி மருந்தும் சடங்காகலாமா?

(நவம்பர் 14-ந் தேதி நீரிழிவு நாளையொட்டி நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மை இங்கு அழைத்தவர்கள் "நீரிழிவும் வீட்டாரின் கடமையும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கின்றார்கள். நாம் வைத்தியரல்ல. பெரிய படிப்பு படித்தவருமல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டோம். பிறகு படித்ததெல்லாம் வாசகசாலையிலும் பழைய புத்தகக் கடையிலும்தான். ஆனாலும் மூன்று வருஷமாக நமது தாயாருக்கு நம் கையாலேயே இன்சுலின் ஊசி போட்டு வருகின்றோம். அதில் ஒரு நாள் பெருந்தவறு ஒன்று செய்தோம். அந்தத் தவறைச் சொல்லத்தான் வந்திருக்கின்றோமே ஒழிய, உபதேசம் செய்ய வரவில்லை. நம்முடைய யோக்கியதை அவ்வளவுதான்.

முதலில் இந்த நாளைப் பற்றி இரண்டு வார்த்தை. நவம்பர் 14 என்பது 1891-ல் கனடா தேசத்தில் பிறந்த பிரெடரிக் பாண்டிங் என்ற வைத்தியரின் பிறந்த நாள். அவருக்கு முந்திய காலத்தில் ஒரு குழந்தைக்கு இந்த வியாதி வந்தால் வைத்தியர்கள் செய்யக்கூடியது என்ன தெரியுமா? பட்டினி போடுவது. பட்டினி போட்டால் சாவு சிறிது தள்ளிப் போகும், அவ்வளவே. 1889-லேயே ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டால் அதற்கு நீரிழிவு வந்துவிடுகின்றது என்று ஜெர்மானிய ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுவிட்டார்கள். ஆனால் கணையத்தில் இருக்கும் அந்தச் சரக்கைப் பிரித்தெடுக்க மேலும் 30 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1921-ல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில், மக்லியாட் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சி சாலையில், பாண்டிங்கும் பெஸ்ட் என்ற இளைஞரும் அதை எடுத்தார்கள்.

1922 ஜனவரி 11-ல் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சரியாகப் பலிக்கவில்லை, மருந்தில் அசுத்தம் இருந்தது. உடனே, "பையன் தலையெழுத்து அப்படி" என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்களா? இல்லை. கோலிப் என்பவர் மருந்தைச் சுத்தம் செய்தார். 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கிற்று. சாகக் கிடந்த பையன் இன்னும் 13 வருஷம் உயிரோடிருந்தான். கண்டவர்கள் அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்குப் பெயருக்கு ஒவ்வொரு டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தை ஏன் சொல்லுகின்றோமென்றால், அந்தப் பையனைப் பிழைக்க வைத்தது வெறும் மருந்தல்ல. போட்டார்கள், பார்த்தார்கள், அளந்தார்கள், தவறு எங்கே என்று கேட்டார்கள், திருத்தினார்கள். கேட்பதும் திருத்துவதும் இல்லாவிட்டால் அந்த மருந்தும் ஒரு தீர்த்தந்தான். இதைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க, இன்சுலின் என்றால் என்ன? நாம் தின்னும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் சேருகின்றது. அதை இரத்தத்திலிருந்து எடுத்துத் தசைகளுக்குள் சேர்ப்பது கணையத்தில் ஊறும் இன்சுலினுடைய வேலை. அது குறைந்தால், களத்திலே நெல் குவிந்து கிடக்க, வீட்டிலே அடுப்பெரியாத கதைதான். சிலருக்குச் சிறு வயதிலேயே அது அடியோடு நின்றுவிடுகின்றது. அவர்களுக்கு ஊசியைத் தவிர வேறு வழியே கிடையாது. பெரும்பாலோருக்கு, ஊறுவது சரியாக வேலை செய்யாமல், வருஷங்கள் போகப் போக ஊற்றும் குறைகின்றது. அப்போது மாத்திரை போதாமல் ஊசி வேண்டியதாகின்றது. அதை மாத்திரையாக விழுங்கக்கூடாதா என்றால், வயிறு அதையும் ஆகாரத்தைப் போலச் செரித்துவிடும், ஆகையால்தான் ஊசி.

இதற்கு நம் ஜனங்கள் சொல்லும் ஆட்சேபணைகள் மூன்று. ஒன்று, "ஊசி வந்துவிட்டால் கடைசிக் கட்டம்" என்பது. உண்மை என்னவென்றால், ஊசியால் கண்ணும் காலும் கெடுவதில்லை. போட வேண்டிய ஊசியை வருஷக்கணக்காகப் போடாமல், ஏறின சர்க்கரையோடு இருந்ததனால்தான் கெடுகின்றது. கெட்ட பிறகு ஊசிக்கு வந்து, பழியை ஊசியின் மேல் போடுகின்றார்கள். இரண்டாவது, "பழகிவிடும்" என்பது. தினம் மூன்று வேளை சோறு தின்கின்றோமே, அது பழகிவிடும் என்று யாராவது நிறுத்தினதுண்டா? சரீரத்தில் இல்லாத சரக்கை வெளியிலிருந்து கொடுப்பது லாகிரியாகாது. மூன்றாவது, "விதிப்படி நடக்கட்டும்" என்பது. விதியை நம்புகின்றவர்களும் பசித்தால் இலை போடச் சொல்லுகின்றார்கள் என்பதே அதற்குப் போதுமான பதில்.

இந்த மூன்று ஆட்சேபணைகளையும் நமது தாயாரே சொன்னார்கள். அவர்களுக்கு வயது 68. மாத்திரை தின்றது 14 வருஷம். வைத்தியர் ஊசி என்றதும் ஆறு மாதம் தட்டிக் கழித்தார்கள். நாம் தினமும் வாதாடினோம். கடைசியில் அம்மாள் இணங்கினார்கள். நமக்கோ மேடையில் ஜெயித்த மாதிரிப் பெருமை. அன்று முதல் காலை சரியாக 7 மணிக்கு 20 யூனிட் ஊசியைப் போடுவோம். 7-15-க்கு அச்சுக்கூடத்துக்குப் புறப்பட்டு விடுவோம். அம்மாள் 7-30-க்கு இட்டிலி சாப்பிடுவார்கள் என்பது நம் கணக்கு. சாப்பிட்டார்களா என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. அம்மாள் விரதம். நமக்குச் சொல்லவில்லை. நாம் வழக்கம் போல ஊசியைப் போட்டுவிட்டுப் போய்விட்டோம். பத்து மணி சுமாருக்கு அம்மாளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, கைகால் உதறி, சம்பந்தமில்லாத பேச்சு. தெருவே கூடிவிட்டது. ஆடி வெள்ளி அல்லவா? "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று ஒருவர் வேப்பிலை கொண்டுவந்தார். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். இன்னொருவர் தன் மகளுக்கு எப்போது கலியாணம் ஆகுமென்று குறி கேட்டாராம்!

அடுத்த வீட்டில் பத்தாவது படிக்கும் ஒரு பெண். அவள் தம்பிக்குச் சிறு வயதிலேயே இந்த வியாதி, ஊசி போட்டுக்கொள்பவன். அந்தப் பெண் மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "பாட்டி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டாளாம். பதில் வரவில்லை. அலமாரியிலிருந்த சோதனைக் கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தாள். 42. விழுங்க முடிகின்றதா என்று பார்த்துக்கொண்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். 15 நிமிஷத்தில் மறுபடி பார்த்தாள், மறுபடி கொடுத்தாள். பிறகு சோறு ஊட்டினாள். ஆத்தா மலையேறிவிட்டாள்! நாம் ஓடி வந்தபோது அம்மாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் அம்மா, விரதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டோம்.

"நீ கேட்டாயா அப்பா? சொன்னால் சிரிப்பாய்" என்றார்கள்.

தோழர்களே! கற்பூரம் ஏற்றினவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது? அவர்கள் காரணம் கேட்காமல் கற்பூரம் ஏற்றினார்கள். நாம் காரணம் கேட்காமல் ஊசி ஏற்றினோம். மணியடித்தால் பூசை செய்கின்றவருக்கும், மணி பார்த்து ஊசி போட்ட நமக்கும் என்ன வித்தியாசம்? அறியாமலும் கேட்காமலும் செய்தால் வைத்தியமும் சடங்குதான். சடங்கினால் பொருள் நஷ்டம். இந்தச் சடங்கினால் உயிரே நஷ்டமாக இருந்தது. அன்றியும், பகுத்தறிவு பேசுகின்றவன் வீட்டில் பெற்ற தாய் அவன் பரிகாசத்துக்குப் பயந்து உண்மையை மறைக்க நேர்ந்தால், அவன் ஊராருக்குச் சொல்லும் அறிவு எதற்குப் பிரயோஜனம்?

இதன் பிறகு வைத்தியரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டவைகளைச் சொல்லுகின்றோம். அளவை மட்டும் உங்கள் உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஊசிக்கு முன் கேள்வி. ஆகாரம் தயாராயிருக்கின்றதா, சாப்பிட மனமிருக்கின்றதா, வாந்தியுண்டா என்று கேட்ட பிறகே ஊசி. சாப்பாட்டுக்கு எவ்வளவு முந்திப் போடுவது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் வரையில் பக்கத்தில் இருங்கள்.

இரண்டாவது, சர்க்கரை இறங்குவதன் அடையாளம் வீட்டிலுள்ள குழந்தைக்கும் தெரிய வேண்டும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, தடுமாற்றம், காரணமில்லாத கோபம். 70-க்குக் கீழே இறங்கினால் அந்தப் பெண் செய்தது போலச் செய்யுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரி.

மூன்றாவது, குப்பியும் ஊசியும் பொருந்த வேண்டும். நம் தேசத்தில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்தும் உண்டு, 100 யூனிட் மருந்தும் உண்டு. 40-க்குரிய ஊசிக்குச் சிவப்பு மூடி. 100-க்குரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 அல்ல, 50! கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வராமல் எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

நான்காவது, திறக்காத குப்பியைக் குளிர்பெட்டியில் வையுங்கள்; உறையும் தட்டில் வைக்காதீர்கள். உறைந்த மருந்து கெட்ட மருந்து. குளிர்பெட்டியில்லாத வீட்டில், குப்பியைத் தண்ணீர் படாமல் கட்டி, நிழலில் வைத்த ஈர மண்பானைக்குள் வைக்கலாம். திறந்ததைச் சுமார் நான்கு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். கலங்கலான மருந்தைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் கட்டி விழுந்து மருந்து சரியாகச் சேராது. வயிறு, தொடை என்று இடத்தை மாற்றுங்கள்.

ஐந்தாவது, காய்ச்சல் வந்தால் "சாப்பிடவில்லையே" என்று நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலில் சர்க்கரை ஏறவும் கூடும். அளந்து பார்த்து வைத்தியரைக் கேளுங்கள். விடாத வாந்தி, ஆழ்ந்து வாங்கும் மூச்சு இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "இந்தச் சூரணத்தைத் தின்னுங்கள், ஊசியை விட்டுவிடுங்கள்" என்று எவன் சொன்னாலும், எந்த வேஷத்தில் வந்து சொன்னாலும், அவன் பேச்சைக் கேட்காதீர்கள். முக்கியமாகக் குழந்தைகள் விஷயத்தில் அது கொலைக்குச் சமானம்.

கடைசியாக ஒன்று. வியாதிக்காரர் கைதியல்ல, வீட்டார் போலீசல்ல. ஒரு துண்டு லட்டுக்காக வயதான தகப்பனாரை நாலு பேர் முன்னால் அதட்டுகின்றோம். அவர் மறுநாள் ஒளித்துத் தின்கின்றார். பிறகு சோதனை எண்ணையும் ஒளிக்கின்றார். சரீரம் அவருடையது, விரல் அவருடையது, குத்துப்படுகின்றவரும் அவர். நமக்கு அதில் உள்ள பாத்தியதை உதவி செய்வது மட்டுமே. சமையலும் ஊசியும் வீட்டுப் பெண்பிள்ளைகள் தலையிலேயே போய் விழுகின்றது. எண் ஏறினால் வசவும் அவர்களுக்கே. ஆண்பிள்ளைகளே! ஊசி போடக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மீசை தடையல்ல.

இப்போது நமது வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கின்றது. அதில் எண்களை அம்மாளே எழுதுகின்றார்கள். விரதம் இருக்கத் தோன்றினால் முதல் நாளே சொல்லுகின்றார்கள். நாம் சிரிப்பதில்லை. விரதம் வேண்டாமென்று வாதாடுகின்றோம். கேட்காவிட்டால் வைத்தியரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுகின்றோம். போன ஆடியில், "இவ்வளவு தொந்தரவு எதற்கப்பா, இட்டிலியையே கொண்டு வா" என்று அம்மாளே சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் பரிகாசம் செய்து நடக்காத காரியம், கேட்டுப் பேசினதனால் நடந்தது.

ஆகையால், தோழர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. ஊசி போட்டுக்கொள்ளும் உங்கள் தாயாரையோ தகப்பனாரையோ மனைவியையோ பிள்ளையையோ பார்த்து, "சாப்பிட்டாயிற்றா?" என்று கேளுங்கள். வரும் பதிலைச் சிரிக்காமல், அதட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஊசியைக் கையில் எடுங்கள் என்று கேட்டுக்கொண்டு இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகின்றோம்.